இறுதிக் கடனும் நோய்க் காப்பும்

சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள சிற்றூர்களில் ஒருவர் இறந்தால் அத்துயரம் அவ்வீட்டோடு நிற்பதில்லை. பறையொலி எழும். பங்காளிகளும் மாமன் மைத்துனரும் திரள்வர். இராசிபுரத்திலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் உறவினர் வந்து சேர்வர். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் தழுவிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். உடலை நீராட்டிக் கோடித் துணி போர்த்துவர். வந்தோர் வாய்க்கரிசி இடுவர். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் பகுதியில் ஒரு காத்திருப்பும் உண்டு. வடமாநிலம் ஒன்றில் வண்டியோட்டிக் கொண்டிருக்கும் மகன் முகத்தைக் காண வந்து சேரும்வரை உடலை எடுக்க மனம் வராது. இவ்வழக்கங்கள் யாவும் துயரத்தைப் பலர் கூடிச் சுமப்பதற்காக ஏற்பட்டவை.

கொள்ளைநோய்க் காலத்தில் இவையே இடராக மாறக்கூடும். அந்த இடர் எங்கே இருக்கிறது? இறந்த உடலிலா, அதனைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்திலா? இதற்குரிய விடை நோய்க்கு நோய் வேறுபடும். விடையை அறியாத ஊர் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சும். அஞ்ச வேண்டிய இடத்தில் நெருங்கி நிற்கும்.

1918ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் தலைகாட்டிய இன்புளுயன்சாக் காய்ச்சல், செப்டம்பருக்குப் பின் நாடெங்கும் கொடுமையாகப் பரவியது. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதனால் மாண்டனர் என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். பல இடங்களில் பிணம் எரிக்க விறகு கிடைக்கவில்லை; ஆறுகளில் உடல்கள் மிதந்தன. அப்போது சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர் இராஜாஜி. பின்னர் அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1939இல், பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் 81 ஆண்டுகளுக்குப் பின் ஓர் இடுகாட்டின் பொருட்டு மீண்டும் பேசப்பட நேர்ந்தது.

பிணமே பேரிடராகும் நோய்களும் உண்டு. 2014ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகியவற்றில் எபோலா என்னும் நோய் பரவியது. அந்நோயால் இறந்தவரின் உடலில் கிருமிகள் மிகுந்திருக்கும். தோலைத் தொடுவதே கேடு. அந்நாட்டு மக்களோ இறந்தவரைத் தம் கையால் கழுவி, தடவிக்கொடுத்து வழியனுப்பும் பழக்கம் உடையவர்கள். கினியில் நோயுற்றவருள் நூற்றுக்கு 60 பேர் இறுதிச் சடங்கின் தொடர்பால் நோய் பெற்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டில் தெரிவித்தது. தொடக்கத்தில் காப்புடை அணிந்தோர் வந்து உடலைப் பையிலிட்டு, உறவினரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் கொண்டுசென்றனர். விளைவு யாது? மக்கள் பிணங்களை மறைத்து, இரவில் தாமே புதைத்தனர். நோய் முன்னிலும் பரவியது. அதன்பின், அவ்வாண்டு நவம்பரில், அந்நிறுவனம் புதிய நெறிமுறை வகுத்தது. குடும்பத்தாரைக் கலந்து பேசுதல், சமயத் தலைவரை அழைத்தல், கல்லறையில் பெயர் பொறித்தல், தொடாமல் வழிபட இடமளித்தல் ஆகியவை அதில் சேர்க்கப்பட்டன. மரியாதை கிடைத்த பின்னரே மக்கள் காப்பு முறைக்கு உடன்பட்டனர்.

வாந்திபேதி எனப்படும் காலராவில் இடர் வேறு வகையானது. அக்கிருமி குடலில் வாழ்வது. உடலிலிருந்து கசியும் நீரோடு வெளிப்படும். பிணத்தை நீராட்டிய கையோடு சோறு பரிமாறினாலோ, அழுக்குத் துணியைக் குளத்தில் அலசினாலோ நோய் ஊரைச் சூழும். புதைகுழி குடிநீர்க் கிணற்றுக்கு 30 மீட்டருக்குக் குறையாத தொலைவிலும், அதன் அடி நிலத்தடி நீர்மட்டத்திற்கு மேலேயும் இருத்தல் வேண்டும். மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக்கரை ஊர்களில் இது சிறப்பாகக் கருதத்தக்கது.

இனி, 2020இல் வந்த கொரோனாவைப் பார்ப்போம். அந்நோய் மூச்சு, பேச்சு, இருமல், தும்மல் இவற்றின் வழியே பரவுவது. இறந்தவர் மூச்சு விடுவதில்லை. உடலைப் புரட்டும்போதும் குழாய்களை நீக்கும்போதும் நுரையீரல் நீர் வெளிப்படக்கூடும். ஆதலால் உடலைக் கையாள்வோர் கையுறையும் முகக்கவசமும் அணிதல் இன்றியமையாதது. ஆனால், பையிலிட்டு மூடி மண்ணுக்குள் இறக்கிய உடலிலிருந்து நோய் மேலெழுந்து அண்டை வீட்டாரைத் தாக்காது. உயிருள்ள அணுக்களின்றி அக்கிருமி பெருக இயலாது.

உண்மையான இடர் எங்கே இருந்தது என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஆல்பனி நகரம் காட்டிற்று. அங்கு 2020 பிப்ரவரி இறுதியில் ஒரு சவ அடக்கத்திற்கு 200க்கு மேற்பட்டோர் கூடினர். இறந்தவருக்குக் கொரோனா என எவரும் எண்ணவில்லை. உறவினர் தழுவி அழுதனர்; கூடி உண்டனர். சில வாரங்களில் அச்சிறு நகரமும் சுற்றுப்புறமும் நாட்டிலேயே நோய் மிகுந்த பகுதிகளுள் ஒன்றாயின. நோயைக் கொணர்ந்தது பிணமன்று, வந்திருந்தோர் மூச்சே.

அதே ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் காலமானார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்ய எதிர்ப்பு எழவே, அண்ணாநகர் வேலங்காடு இடுகாட்டிற்கு உடலைக் கொண்டுசென்றனர். அங்கும் ஒரு கூட்டம் திரண்டது. கல்லும் கட்டையும் வீசப்பட்டன, ஆம்புலன்சின் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர்கள் காயமுற்றனர். மனைவியும் மகனும் கடைசியாக ஒரு பிடி மண்கூட இடாமல் திரும்ப நேர்ந்தது. நள்ளிரவில், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் காவலர் துணையோடு மீண்டும் சென்று, மருத்துவமனை ஊழியர் இருவருடன் தாமே மண்ணை அள்ளிக் குழியை மூடினார். கல்லெறிந்தோர் அஞ்சியது குழியை. ஆனால், நோய் பரவ ஏற்றவாறு நெருக்கியடித்து நின்று கூச்சலிட்டவர்களும் அவர்களே!

சென்னை உயர்நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. கண்ணியமான அடக்கமும் வாழ்வுரிமையின் ஒரு கூறே என்று அது குறிப்பிட்டது. அம்மாத இறுதிக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் உடலைப் புதைப்பதையோ எரிப்பதையோ தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது வழிசெய்தது. அதற்கு அடிப்படையாக அமைந்தது முன்னர்க் கூறிய 1939ஆம் ஆண்டுச் சட்டமே.

இந்தியச் சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் படித்தால், தடுக்கப்பட்டதைவிட அனுமதிக்கப்பட்டது மிகுதி என்பது விளங்கும். உடலைக் கசியாத பையிலிட்டு, அதன் வெளிப்புறத்தைக் குளோரின் கரைசலால் துடைத்தல் வேண்டும். நீராட்டுதல், தழுவுதல், முத்தமிடுதல் கூடா. எனினும், பையின் முகப்பகுதியை ஊழியர் திறந்துகாட்ட, உறவினர் விலகி நின்று முகத்தைக் காணலாம். மறைநூல் ஓதலாம்; புனித நீர் தெளிக்கலாம்; உடலைத் தொடாத எச்சடங்கும் செய்யலாம். ஈமச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்று அரசு வரையறுத்தது. பயணத்திற்கு ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச்சீட்டு தேவைப்பட்ட அந்நாட்களில், இறப்பும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆயினும் தொலைவிலிருந்த பலர் கைப்பேசித் திரையில்தான் பெற்றோரின் முகத்தைக் கடைசியாகக் கண்டனர். உறவினர் வர இயலாத இடங்களில் தன்னார்வலர் பலர் அக்கடனை ஏற்றனர். இசுலாமிய இளைஞர்கள் இந்துக்களின் உடலை அவர்தம் முறைப்படி எரியூட்ட உதவிய நிகழ்ச்சிகள் தமிழகத்தில் பல.

பால் தெளிப்பு, கருமாதி போன்றவற்றை நெருங்கிய சிலர் மட்டும் திறந்த வெளியில் நடத்தினால் இடர் பெரிதும் குறைகிறது. துக்கம் கேட்க வருவோர் கைதொடாமல் தொலைவில் நின்று கேட்கலாம்; பந்தியைத் தவிர்க்கலாம். உடலைச் சுமந்தோரும் குழிவெட்டியோரும் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும். கொரோனாக் கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புறை சோப்பு நீரில் கரைந்துவிடும்.

எரியூட்டிய பின் எஞ்சும் சாம்பலில் எக்கிருமியும் இராது; சிதையின் வெப்பம் அனைத்தையும் அழித்துவிடுகிறது. அதனைக் கையால் அள்ளிக் கலயத்திலிடலாம் என்று அவ்வழிகாட்டு நெறிகளே கூறின. அவசரமும் இல்லை. துணியால் வாய் கட்டிய அக்கலயம், தொலைமாநிலத்திலிருந்து மகன் திரும்பி வரும்வரை காத்திருக்கும். அதன்பின் அவனே அதை ஏந்திச் சென்று, மோகனூரிலோ பரமத்தி வேலூரிலோ காவிரியில் இறங்கிக் கரைக்கலாம்.