ஓய்வும் ஓர் உரிமையே

எனது தம்பிக்குப் பதினொரு வயது. பெருமூளை வாதம் காரணமாக அவனால் நடக்கவோ தானாக உண்ணவோ முடியாது. இரவில் மூன்று, நான்கு தடவை அவனைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சென்ற வருடம் உம்மம்மா வஃபாத்தானபோது, தன்னைப் பெற்ற தாயின் ஜனாஸா வீட்டில் உம்மாவால் ஒரு மணித்தியாலம்கூட இருக்க முடியவில்லை. தம்பிக்கு மருந்து கொடுக்கும் நேரமென்று எழுந்து வந்துவிட்டார்.

இத்தகைய குடும்பங்களுக்கென்றே சில நாடுகளில் ஒரு சேவை உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து சில மணித்தியாலங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அல்லது பிள்ளை ஓர் இரவு பராமரிப்பு இல்லமொன்றில் தங்கும். அந்த இடைவெளியில் தாய் உறங்கலாம், மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கலாம். இதனை ஓய்வுப் பராமரிப்பு எனலாம்.

இங்கிலாந்தில் இது தர்மமாகக் கொடுக்கப்படுவதன்று. 2011 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதிகளின்படி பகல் பராமரிப்பு, இரவுப் பராமரிப்பு, விடுமுறைக்காலச் செயற்பாடுகள் போன்றவற்றை உள்ளூராட்சி சபைகள் இயன்றளவு வழங்க வேண்டும். ஆனால் 2010 இன் பின்னர் மத்திய அரசு இச்சபைகளுக்கான நிதியைப் பெருமளவில் குறைத்தது. சபைகள் இச்சேவையிலும் கை வைத்தன.

வெட்டு என்பது எப்போதும் கதவை மூடுவதன்று. மணித்தியாலங்கள் குறையும், தகுதி நிபந்தனைகள் இறுகும், தங்கும் இல்லம் தூர இடத்துக்கு மாறும். பாதை உடைந்தால் ஊரே பேசும். ஒரு தாய் உறங்காதது வெளியில் தெரியாது. அதனால்தான் இங்கே வெட்டுவது இலகுவாகிறது. எனினும் அது உண்மையான சேமிப்பா? தாய் நோயில் விழுந்தால் பிள்ளையை நிரந்தரமாகவே இல்லமொன்றில் சேர்க்க நேரிடலாம். அதற்கான செலவு பன்மடங்கு.

2016 இல் மேற்கு பார்க்ஷயர் சபை, இச்சேவையை நடத்திய தொண்டு நிறுவனங்களுக்கான நிதியைக் குறைத்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. சட்டம் கருத்திற்கொள்ளச் சொன்ன விடயங்களை முறையாகக் கருத்திற்கொள்ளாமல் எடுத்த முடிவு சட்டவிரோதமானது என மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததாலேயே அக்குடும்பங்களால் கேள்வி கேட்க முடிந்தது.

எமது நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் குடும்பங்களுக்கு அரசு உதவ வேண்டியவற்றுள் ஓய்வுப் பராமரிப்பையும் பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது. இலங்கை 2016 இல் அதனை ஏற்றுறுதிப்படுத்தியது. ஆயினும் எமது ஊரில் தம்பியை ஒரு பகல் விடுவதற்கு ஓரிடம் இல்லை. அங்கே இருப்பதைக் காப்பாற்றப் போராடுகிறார்கள். இங்கே கேட்கவே நாம் இன்னும் தொடங்கவில்லை.

பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம் என்று உம்மா அடிக்கடி சொல்வார். அந்த அமானிதத்தைச் சுமப்பவரும் களைப்படைவார் என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

கடந்த ரமழானில் சாச்சி ஒரு நாள் வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டார். உம்மா அஸர் வரை உறங்கினார். அன்று நோன்பு திறக்கும்போது அவர் சிரித்துப் பேசியதை நான் நீண்ட நாட்களுக்குப் பின் கண்டேன். சாச்சி தந்த அந்தப் பகலை, உறவினர் இல்லாத தாய்மாருக்கும் இந்த நாடு கொடுக்க வேண்டும்.