ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? ஆங்கில உச்சரிப்பில் எதைத் திருத்தணும், எதை விட்டுடலாம்?

கிளையன்ட் காலில் ‘ஃபிஃப்டீன் லைசென்ஸ்’ என்கிறீர்கள். எதிர்முனையில் இருப்பவர் ‘ஃபிஃப்டி’ என்று குறித்துக்கொள்கிறார். இலக்கணம் சரி, வார்த்தையும் சரி. ஆனால் 15 போய் 50 ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம், ‘தப்பா சொல்லிட்டா சிரிப்பாங்களோ’ என்ற பயத்தில் மீட்டிங் முழுக்க மியூட்டிலேயே இருப்பவர்களும் உண்டு. வேலையைச் செய்தது ஒருவர், அதைப் பேசிப் பெயர் வாங்குவது இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது.

இரண்டுக்கும் ‘ஆக்சென்ட்டை மாத்தணும்’ என்பதுதான் தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாற்ற வேண்டியது ரொம்பக் கொஞ்சம். அது எது என்று பார்ப்போம்.

ஆக்சென்ட் இருந்தால் புரியாதா?

கனடா ஆய்வாளர்கள் மரே மன்ரோ, டிரேசி டெர்விங் இருவரும் 1995-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீன மாண்டரினைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசிய ஆங்கிலத்தை, ஆங்கிலமே தாய்மொழியான சிலருக்குப் போட்டுக்காட்டி, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார்கள். ஆக்சென்ட் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பெண்ணும் போடச் சொன்னார்கள். ‘ஆக்சென்ட் ரொம்ப அதிகம்’ என்று மதிப்பிடப்பட்ட பேச்சைக்கூட பல நேரங்களில் கேட்டவர்கள் முழுசாகச் சரியாக எழுதியிருந்தார்கள். அதாவது, ஆக்சென்ட் வேறு, புரிவது வேறு.

வெளிநாடு போக எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங் தேர்வில் உச்சரிப்புக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். அங்கேயும் பார்ப்பது, கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதைத்தான். லண்டன்காரர் மாதிரி பேசணும் என்று யாரும் கேட்பதில்லை.

‘எம்.டி.ஐ.’ எங்கிருந்து வருகிறது?

கால் சென்டர் டிரெய்னிங்கில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ‘எம்.டி.ஐ.’. தாய்மொழியின் தாக்கம் என்று அர்த்தம். ஏதோ குறைபாடு மாதிரி சொல்வார்கள். ஆனால், நம் நாக்கு தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுவதன் விளைவுதான் அது.

தமிழில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் சொல் முடியாது. பாட்டு, பேச்சு என்று ஓர் உகரம் வந்துவிடும். பள்ளியில் படித்த குற்றியலுகரம்தான். ‘லைட்டு’, ‘புக்கு’, ‘ஷாப்பு’ எல்லாம் அந்தப் பழக்கத்தில் வருபவை.

சொல்லின் தொடக்கத்திலும் மெய்யெழுத்து வராது. அதனால் ‘ஸ்கூல்’ சிலர் வாயில் ‘இஸ்கூல்’ ஆகிறது. எலியை ‘யெலி’ என்றும் ஒண்ணை ‘வொண்ணு’ என்றும் பேசும் வாய், ‘யெம்.பி.ஏ.’, ‘வொன்லி’ என்றும் சொல்லும்.

முக்கியமானது ‘ப’ போன்ற எழுத்துகள். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் ஒரே ஒலி அல்ல. எங்கே எந்த ஒலி என்பதைத் தமிழில் எழுத்து நிற்கும் இடமே முடிவு செய்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஊசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. ஒலியைப் பிரித்துச் சொன்னால்தான் அர்த்தம் பிரியும்.

நமக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ இரண்டையும் பிரிக்க ஸ்பானிஷ் பேசுபவர்கள் திணறுவார்கள். குறில், நெடில் தெரிந்த நமக்கு அது கஷ்டமில்லை.

அர்த்தமே மாறும் 4 இடங்கள்

1. எண்கள்: 13 முதல் 19 வரை ‘டீன்’ என்பதை நீட்டி, கடைசி ‘ன்’ தெளிவாகக் கேட்க வேண்டும். 30, 40, 50-ல் முதல் அசையை அழுத்தி, ‘டி’யைச் சட்டென்று முடிக்கணும். பணம், தேதி, அளவு என்றால் ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’ என்று இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

2. காற்று: ஊசி என்ற ‘பின்’னைச் சொல்லும்போது ஆங்கிலேயர்களின் உதட்டிலிருந்து கொஞ்சம் காற்று வெளியேறும். நாம் காற்றில்லாமல் சொன்னால், அவர்கள் காதில் அது குப்பைத்தொட்டியாக விழலாம். வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். பேப்பர் ஆடினால் சரி. ‘டீம்’, ‘கோட்’ போன்ற சொற்களின் முதல் ஒலிக்கும் இதே கதைதான்.

3. இரண்டு ‘ஸ்’: விலைக்கும் ‘பிரைஸ்’, பரிசுக்கும் ‘பிரைஸ்’. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லுங்கள். பரிசில் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் மாதிரி அதிரணும், விலையில் அதிரக்கூடாது. ‘ஜீரோ’ என்று நாம் சொல்லும் சொல்லின் முதல் ஒலியும் இந்த ரீங்காரம்தான்.

4. இரண்டு ‘வ’: திராட்சைக்கொடியும் ‘வைன்’, அதிலிருந்து வரும் மதுவும் ‘வைன்’. கொடிக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடணும். மதுவுக்கு விசில் அடிப்பது போல உதட்டைக் குவிக்கணும், பல் படக்கூடாது.

அழுத்தம் ஏன் முக்கியம்?

தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை மட்டும் தூக்கலாக இருக்கும், மற்றவை சுருங்கிவிடும்.

படத்துக்கு ‘ஃபோ-ட-கிராஃப்’, அழுத்தம் முதல் அசையில். படம் எடுப்பவர் ‘ஃப-டாக்-ர-ஃபர்’, அழுத்தம் இரண்டாவதில். ஹோட்டல், டெவலப், எக்ஸிக்யூட்டிவ் மூன்றிலும் இரண்டாவது அசையில் அழுத்தம். நாம் பெரும்பாலும் முதல் அசையை அழுத்துகிறோம். ‘ரெக்கார்ட்’ பெயர்ச்சொல் என்றால் முதல் அசையில் அழுத்தம், பதிவு செய்வது என்ற வினை என்றால் இரண்டாவதில்.

ஸ்பெல்லிங்கை நம்பலாமா?

தமிழ்போல எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தைப் படிக்க முடியாது. எழுத்துகள் 26, பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் ஒலிகளோ சுமார் 44. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன்பின் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல நிலைபெற்றது. அதே காலத்தில் உயிரொலிகள் மாறிக்கொண்டே இருந்தன. எழுத்து ஓரிடத்திலும் ஒலி ஓரிடத்திலும் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் ‘பி’ எழுத்து வருவது ஏன் தெரியுமா? பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் வந்தபோது அந்த எழுத்து இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பின்னால் அறிஞர்கள் சேர்த்தார்கள். ‘ரிசீட்’டில் வரும் ‘பி’யும் அப்படித்தான். உச்சரிக்கத் தேவையில்லை.

எதை விட்டுவிடலாம்?

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-ல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது அவசியம் என்று பிரித்துக்காட்டினார். குறில் நெடில், சொல் தொடக்கத்தில் வரும் காற்று, வாக்கியத்தில் முக்கியமான சொல்லை அழுத்துவது ஆகியவை அவசியப் பட்டியலில் இருக்கின்றன. ‘திங்க்’ என்ற சொல்லில் பல் நடுவே நாக்கு வைக்கும் ஒலி அதில் இல்லை. நம்ம ‘த’ போதும். சொல்லழுத்தத்தையும் அவர் கட்டாயம் என்று சொல்லவில்லை. அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

நாக்கை மடித்துச் சொல்லும் நம்ம ‘ட’வும் அர்த்தத்தைக் கெடுக்காது. இலங்கைத் தமிழர்கள் ‘கிரிக்கெற்’, ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில ஒலிக்கு அவர்களின் ‘ற்’ நெருக்கமாக இருப்பதுதான் காரணம்.

எப்படிப் பழகுவது?

வேலையில் தினமும் சொல்லும் 20 சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனப் பெயர், பிராடக்ட் பெயர், எண்கள் அதில் இருக்கட்டும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆன்லைன் அகராதிகளில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்தி ஒவ்வொன்றையும் கேளுங்கள். யூகிளிஷ் தளத்தில் ஒரு சொல்லைத் தேடினால், யூடியூபில் பலர் அதைச் சொல்வதைக் கேட்கலாம்.

பிறகு போனில் ஒரு நிமிடம் பேசி ரெக்கார்ட் செய்து, மறுநாள் கேளுங்கள். வாய்ஸ் டைப்பிங்கிலும் பேசிப் பார்க்கலாம். எந்தச் சொல் தப்பாக டைப் ஆகிறதோ அது உங்கள் பட்டியலுக்குப் போகட்டும். வாரம் ஓர் ஒலி போதும்.

யாராவது ‘பார்டன்?’ என்று கேட்டால் குரலை உயர்த்த வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து, வேறு சொல்லில் திரும்பச் சொல்லுங்கள். அப்போதும் புரியாவிட்டால் சாட்டில் டைப் செய்துவிட்டு அடுத்த பாயின்ட்டுக்குப் போங்கள். மியூட்டில் இருந்தால் மட்டும் திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லை.