பெட்டிக்குள் உறங்கும் புத்தாடை

பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அலமாரியின் இரு கதவுகளும் திறந்திருக்கின்றன. அடுக்கடுக்காகச் சேலைகள், மடிப்புக் கலையாத சட்டைகள், கொக்கியில் தொங்கும் குர்தாக்கள். கதவைத் திறந்த அசைவில் மேல்தட்டிலிருந்து துப்பட்டா ஒன்று நழுவித் தரையில் விழுகிறது. ஆயினும் அலமாரியின் முன் நிற்பவர் கூறுவது ஒன்றுதான்: “உடுத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை.”

இம்முறையீட்டைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு சேலைக்குப் பொருந்திய இரவிக்கை இறுக்கமாகிவிட்டது. ஒரு சட்டையின் பொத்தான் அறுந்து ஈராண்டு ஆகிறது. நல்ல பட்டு ஒன்று எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பதால் நினைவுக்கே வருவதில்லை. ஆடைகள் இருக்கின்றன, அவை புழக்கத்தில் இல்லை.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஈராண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எவ்விதப் பரிவர்த்தனையும் மேற்கொள்ளாத சேமிப்புக் கணக்கை வங்கிகள் ‘செயல்படாக் கணக்கு’ என வகைப்படுத்துகின்றன. அதிலுள்ள பணம் மறைந்துவிடுவதில்லை. அது உரியவருக்கே உரியது. அடையாள ஆவணங்களைப் புதுப்பித்து, கணக்கை மீண்டும் இயங்கச் செய்யும்படி அவர் கேட்டால் போதும். நம் அலமாரியிலும் இத்தகைய கணக்குகள் பல உண்டு. அவற்றை உயிர்ப்பிக்கும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

அலமாரிக்கு ஓர் இருப்புக் கணக்கு

முதல் வேலை, எல்லா ஆடைகளையும் வெளியே எடுத்துக் கட்டிலின்மேல் பரப்புவது. தட்டுத் தட்டாகப் பார்த்தால் பாதி கண்ணில் படாது. பின்னர் அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

கடந்த ஓராண்டில் உடுத்தியவை முதற்குவியல். பொத்தான், ஊக்கு, பிரிந்த தையல், தேய்ந்த ஃபால்ஸ், அளவு மாற்றம் ஆகிய சிறு குறைகளால் ஒதுக்கப்பட்டவை இரண்டாம் குவியல். குறை ஏதுமின்றியும் ஈராண்டாகத் தொடப்படாதவை மூன்றாம் குவியல். பெரும்பாலான இல்லங்களில் இரண்டாம், மூன்றாம் குவியல்களின் உயரம் வீட்டாரையே வியப்பில் ஆழ்த்தும். பண்டிகைக்கான புதுமை அவ்விரு குவியல்களில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு முறை உடுத்த என்ன விலை?

ஆடையின் உண்மையான விலையை விலைச்சீட்டு சொல்வதில்லை. கொடுத்த பணத்தை உடுத்திய தடவைகளால் வகுத்தால் அது தெரியும். 900 ரூபாய்க்கு வாங்கிய பருத்திக் குர்தாவை 60 முறை அணிந்திருந்தால் ஒரு முறைக்கு ஆன செலவு 15 ரூபாய். 12,000 ரூபாய்ப் பட்டுச் சேலையை மூன்று திருமணங்களுக்கு மட்டும் உடுத்தியிருந்தால் ஒரு முறைக்கு 4,000 ரூபாய்.

பட்டு வாங்குவது வீண் என்பது இக்கணக்கின் பொருளன்று. அதே சேலைக்கு 700 ரூபாய்ச் செலவில் புதிய இரவிக்கை ஒன்று தைத்து, மேலும் மூன்று முறை உடுத்துவதாகக் கொள்வோம். மொத்தச் செலவு 12,700 ரூபாய். ஆறு முறைக்குப் பங்கிட்டால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 2,117 ரூபாய். சிறு செலவொன்று பெரிய முதலீட்டின் சுமையை ஏறக்குறைய பாதியாக்கிவிடுகிறது. புதிய சேலையொன்றை வாங்கியிருந்தால், மூன்று முறை மட்டும் உடுத்தியவை இரண்டாகியிருக்கும்.

சேர்க்கையில் பிறக்கும் புதுமை

ஐந்து குர்தா, மூன்று கால்சட்டை, மூன்று துப்பட்டா வைத்திருப்பவரிடம் கணக்குப்படி 45 வகையான உடைகள் உள்ளன. இவற்றுள் பாதி பொருந்தாது என்று கழித்தாலும் இருபதுக்கு மேல் மிஞ்சும். ஆறாவதாக ஒரு குர்தா வாங்கினால் ஒன்பது சேர்க்கைகள் கூடும். நான்காவதாக ஒரு துப்பட்டா வாங்கினால் பதினைந்து கூடும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் எதை வாங்குவது என்பதற்கும் இக்கணக்கு வழிகாட்டும்.

சேலைக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு சேலைக்கும் அதனுடன் வந்த துணியிலேயே இரவிக்கை தைக்க வேண்டும் என்ற வழக்கத்தைச் சற்றுத் தளர்த்தினால் போதும். சந்தன நிறம், கறுப்பு, அரக்கு ஆகிய மூன்று நிறங்களில் மட்டும் நல்ல இரவிக்கைகள் இருந்தால், பத்துச் சேலைகளேனும் புழக்கத்துக்குத் திரும்பிவிடும். கரையின் நிறத்துக்கோ முந்தானையின் நிறத்துக்கோ ஏற்ற இரவிக்கை, உடலின் நிறத்தோடு ஒத்த இரவிக்கையைவிட எடுப்பாக அமைவதும் உண்டு.

துணியை மாற்றாமல் உடுத்தும் முறையை மட்டும் மாற்றி ஒரு காலத்தின் தோற்றத்தையே மாற்றியவர் ஞானதாநந்தினி தேவி. இந்தியக் குடிமைப் பணியில் (ஐ.சி.எஸ்.) சேர்ந்த முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவியான அவர், 1860களில் கணவருடன் பம்பாய்க்குச் சென்றார். வங்கப் பெண்கள் அன்று வீட்டுக்குள் உடுத்திய முறை வெளியே சென்று பழக ஏற்றதாக இல்லை. பம்பாயில் பார்சிப் பெண்கள் சேலை உடுத்திய பாங்கைக் கண்டு, அதைத் தமக்கேற்ப மாற்றி, இரவிக்கையும் உட்பாவாடையும் சேர்த்து, முந்தானையை இடத்தோளில் இட்டு உடுத்தினார். கல்கத்தா திரும்பிய பின் அம்முறையைப் பிற பெண்களுக்கும் கற்பித்தார். இன்று நாடெங்கும் பழகிவிட்ட உடுத்தும் முறையின் வேர்களுள் ஒன்று அது.

குஜராத்தியர்போல் முந்தானையை முன்புறம் வலத்தோளில் விரித்தாலும், குடகுப் பெண்கள்போல் கொசுவத்தைப் பின்புறம் வைத்தாலும் பழைய சேலை புதிய முகம் கொள்கிறது. முந்தானை வேலைப்பாடு மிகுந்த சேலைக்குக் குஜராத்தி முறை மிகப் பொருந்தும். பின்னால் மறைந்துபோகும் அழகு அப்போது முன்னால் வருகிறது.

தையற்கடையில் கேட்க வேண்டியவை

நல்ல தையற்காரர் இரவிக்கையின் பக்கவாட்டில் துணியைச் சற்று அதிகமாகவே உள்ளே விட்டுத் தைத்திருப்பார். ஒரு தையலைப் பிரித்துவிட்டாலே இறுக்கம் நீங்கிவிடும். அவ்வாறு துணி இல்லையெனில் அக்குளுக்கடியில் ஒட்டுக் கொடுக்கலாம். கை தூக்கினாலன்றி அது தெரியாது.

சேலையின் கீழ்க்கரை தரையில் உரசித் தேய்ந்திருந்தால், இருபுறமும் ஒரே கரை கொண்ட சேலையை மேல்கீழாகத் திருப்பி, மறுகரையில் ஃபால்ஸ் தைத்துக்கொள்ளலாம். தேய்ந்த பகுதி இடுப்புச் செருகலில் மறைந்துவிடும். உடற்பகுதி நைந்த இரு சேலைகளில் நல்ல பாதியை மட்டும் எடுத்து இணைத்தால் இருநிறச் சேலை ஒன்று கிடைக்கும். கடைகளில் இத்தகைய சேலைகள் புதுப்பாணி என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன.

ஆண்களின் ஆடைக்கும் வழியுண்டு. சட்டையில் முதலில் நைவது கழுத்துப்பட்டியின் மடிப்பு. அதைப் பிரித்து உட்புறம் வெளியே வரத் திருப்பித் தைத்தால் சட்டைக்கு மறுவாழ்வு கிடைக்கும். முந்தைய தலைமுறையின் அலுவலர்கள் பலர் இவ்வாறு செய்தே ஆண்டுகளைக் கடத்தினர். மணிக்கட்டுப் பட்டி கிழிந்த முழுக்கைச் சட்டையை அரைக்கைச் சட்டையாக்கலாம். பொத்தான்களை மட்டும் மாற்றினாலும் எளிய சட்டைக்குப் பண்டிகைக் களை வந்துவிடும்.

கத்தரியை எடுக்கும் முன்

அம்மாவின் பழைய பட்டுச் சேலையை மகளுக்குப் பாவாடையாகவோ குர்தாவாகவோ தைக்க விரும்புவோர் பலர். நல்ல எண்ணம்தான், ஆனால் வெட்டிய துணி மீண்டும் சேலையாகாது. முழுதாக உடுத்தக்கூடிய நிலையில் உள்ள சேலையை வெட்டாதிருப்பதே நன்று.

சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடுகளில் இழைகள் விலகி ஒளி ஊடுருவினால் அவ்விடம் வலுவிழந்துவிட்டது. நெடுங்காலம் ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டும் சரிகையும் அம்மடிப்பிலேயே பிளவுபடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்தாலே இதைப் பெரிதும் தவிர்க்கலாம். இழை விலகிய சேலையில் உறுதியான பகுதிகளைக் குறித்துக்கொண்டு, நைந்த கோடுகளை விலக்கி, மெல்லிய பருத்தி உள்துணி கொடுத்துத் தைப்பது முறை. உள்துணி இல்லாமல் தைத்தால் சில முறை அணிந்ததுமே தையலோரம் கிழியும்.

சாயம் ஏற்றுவதாயின் பருத்தியும் பட்டும் ஏற்கும். பாலியெஸ்டர் வீட்டுச் சாயத்தை ஏற்காது. சரிகை உள்ள துணியைச் சாயத்தில் இடுவது ஆபத்து. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஆகவே பழைய பட்டைக் கழிப்பதற்கு முன், நம்பகமான இரு கடைகளிலேனும் அதன் சரிகை மதிப்பைக் கேட்டறிவது நல்லது.

கந்தையின் பெருமை

உடுத்தவே முடியாத அளவுக்கு நைந்த துணிக்கும் இந்தியப் பெண்கள் வழி கண்டிருக்கிறார்கள். வங்கத்துக் காந்தா வேலைப்பாடு அவ்வாறு பிறந்ததே. துவைத்துத் துவைத்து மென்மையாகிப்போன சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்கினர். வடமொழியில் ‘கந்தா’ என்றால் ஒட்டுப்போட்ட துணி. நம்முடைய ‘கந்தை’யும் அச்சொல்லின் வழியே வந்தது. அக்கந்தைகள் சில இன்று கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. வங்கத்தின் நக்‌ஷி காந்தாவும் பீகாரின் சுஜினித் தையலும் புவிசார் குறியீடு பெற்றவை.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளால் ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைப்பது அவர்கள் வழக்கம். நான்கு மூலைகளிலும் ‘பூ’ எனப்படும் மடித்த துணித்துண்டுகளை வைத்த பிறகே போர்வை நிறைவடைந்ததாகக் கொள்வர். உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத் ஊரைச் சேர்ந்த ரஃபூகர்கள், காஷ்மீரச் சால்வையின் கிழிசலை இழை இழையாகப் பின்னி, பழுதிருந்த இடமே தெரியாதபடி செய்வதில் பெயர்பெற்றவர்கள்.

இக்கலைகள் வறுமையில் பிறந்தவை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. ஒரு துணியை நெய்ய எத்தனை உழைப்பு வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அதை எளிதில் எறியவில்லை. இரண்டு பழைய பருத்திச் சேலைகளும் நான்கு பகற்பொழுதுகளின் ஓட்டுத்தையலும் இருந்தால், ஓட்டுத்தையல் அழகு பெற்ற மேலாடை ஒன்றை நாமும் தைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சும் பணம்

பண்டிகைக் காலத்தில் கடன் அட்டையால் துணி எடுத்து, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவோர் பலர். நிலுவைக்கு மாதம் 3 விழுக்காடு வட்டி என்றாலும் ஆண்டுக்கு அது 36 விழுக்காடு. துணியின் சாயம் மங்கிய பின்னும் அதன் கடன் மங்குவதில்லை. அதற்கு மாறாக, துணிக்கென ஒதுக்கும் தொகையில் மாதம் 1,500 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டுவந்தால் ஐந்தாண்டுகளில் அசல் மட்டுமே 90,000 ரூபாய் ஆகும், வட்டி தனி.

புத்தாடையே வாங்கலாகாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. பண்டிகையன்று குழந்தை புதுச்சட்டை அணியும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. நெசவாளரின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது. வீட்டில் உள்ளதை முதலில் அறிந்துகொண்டு கடைக்குச் செல்பவர், குறைவாக வாங்குவார், நல்லதாக வாங்குவார், வாங்கியதை நெடுநாள் உடுத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கான வேலைகள்

• எல்லா ஆடைகளையும் வெளியே எடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கவும்.

• பொத்தான், ஊக்கு போன்ற சிறு பழுதுகளை அன்றே சரிசெய்யவும். தையற்காரருக்கு உரியவற்றை ஒரே பையில் கட்டி, செய்ய வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி ஊக்கால் குத்தி வைக்கவும்.

• பண்டிகை நெருங்கினால் தையற்கடைகள் பழுது வேலைகளை ஏற்பதில்லை. ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடவும்.

• ஈராண்டாகத் தொடாத ஆடைகளுள் ஐந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய இணையைக் கண்டறிந்து கைப்பேசியில் படம் எடுத்து வைக்கவும். காலை நேரத் தடுமாற்றம் குறையும்.

• பட்டுச் சேலைகளின் மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும். நெகிழிப் பைகளில் வைக்க வேண்டா.

• நமக்கு இனிப் பயன்படாது எனத் தெளிந்தவற்றைத் துவைத்து, மடித்து, பயன்படுத்துவோர் கையில் சேர்க்கவும்.

மாலைக்குள் அலமாரி மீண்டும் அடுக்கப்பட்டுவிடும். துணிகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்திருக்கும். உடுத்திக்கொள்ளத் தக்கவை மட்டும் கூடியிருக்கும்.