உங்களுக்குத் தெரியுமா? நட்சத்திரம் கோடாக விழுந்தால்…

★ இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு திருகுக் கம்பி. நட்சத்திரங்களின் பின்னாலேயே கேமராவைத் திருப்பும் கருவியை வீட்டில் செய்ய இவ்வளவு போதும். ஜார்ஜ் ஹேக் உருவாக்கிய இந்த அமைப்பு 1975 ஏப்ரல் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் வெளிவந்தது. கம்பியைக் கையாலோ மோட்டாராலோ திருகத் திருக, மேல்பலகை கதவு மாதிரி மெல்லத் திறப்பதால் ‘பார்ன் டோர்’, அதாவது கொட்டகைக் கதவு என்று பெயர்.

★ படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக விழுகிறதா? கருவியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, கேமராவை அசைக்காமல் அதே திசையில் ஒரு நிமிடப் படம் எடுங்கள். அதில் விழும் கோடுதான் கிழக்கு-மேற்கு. பழுதான படத்தின் கோடும் அதே வாட்டத்தில் இருந்தால் வேகம் தப்பு. குறுக்கே ஓடினால் பெரும்பாலும் கீல் வானத் துருவத்தை, அதாவது நட்சத்திரங்கள் சுற்றிவரும் மையப்புள்ளியைப் பார்க்கவில்லை. பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே மோட்டாரின் நிரலைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள்.

★ நட்சத்திரக் கணக்கில் பூமி ஒரு சுற்று சுற்ற 24 மணி நேரம் ஆகாது. 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான். இதன்படி, 1 மி.மீ. மரை இடைவெளி கொண்ட எம்6 கம்பி நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழன்றால், அது கீலின் மையத்திலிருந்து 228.6 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 20 மரை உள்ள கால் அங்குலக் கம்பி என்றால் 290 மி.மீ. ஹார்டுவேர் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பி. வரைபடம் ஒன்றுக்கு, கம்பி இன்னொன்றுக்கு என்று ஆகிவிட்டால் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழலும் மோட்டாரால் சரிசெய்ய முடியாது.

★ அர்டுயினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையின் பெட்டியோடு வரும், படிப்படியாகச் சுழலும் சின்ன ஸ்டெப்பர் மோட்டார், 28பிஒய்ஜே-48. ஒரு சுற்றுக்கு 2048 படி என்றுதான் எல்லோரும் நிரல் எழுதுகிறார்கள். பல மோட்டார்களில் உள்ளே இருக்கும் பற்சக்கர விகிதமோ 64 அல்ல, 63.68. ஆக உண்மையில் சுமார் 2038 படிதான். அரை சதவீதம்தானே என்று தோன்றும். ஐந்து நிமிடத்தில் அது 22 விகலை ஆகிவிடும் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு விகலை). 50 மி.மீ. லென்ஸில் கண்ணுக்கே தெரியாது. 200 மி.மீ. மாட்டினால் ஐந்தாறு பிக்சல் நீளக் கோடு! நிரலில் எண்ணை மாற்றலாம். சோம்பலாக இருந்தால் கம்பியை 1 மி.மீ. வெளியே தள்ளி வைத்தாலும் கணக்கு நேராகும்.

★ முதல் ஐந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு கோடு விழுகிறதா? குற்றவாளி நேர்க்கம்பி. பலகை வட்டத்தில் திறக்கிறது, கம்பியோ நேராக ஏறுகிறது. நேரம் இரட்டித்தால் பிழை எட்டு மடங்கு: 5 நிமிடத்தில் ஒரு விகலைக்கும் குறைவு, 20 நிமிடத்தில் 46 விகலை. கம்பியின் இரு முனைகளும் அசைந்து கொடுக்கும்படி பொருத்தினால் பிழை எட்டில் ஒன்றாகிவிடும். கம்பியையே வட்ட வில்லாக வளைத்து, நட்டைச் சுழற்றுகிறவர்களும் உண்டு. பொறுமைசாலிகள்.

★ கோட்டில் சீரான இடைவெளியில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் கம்பி வளைந்திருக்கிறது, அல்லது மோட்டாரோடு மையம் சேராமல் மாட்டியிருக்கிறீர்கள். உறுதிசெய்ய ஒரு வேடிக்கையான வழி: வேண்டுமென்றே கீலைத் துருவத்திலிருந்து சற்று விலக்கி வைத்து நான்கு நிமிடப் படம் எடுங்கள். நட்சத்திரமே அலைக்கோடு வரைந்து காட்டும். நிமிடத்துக்கு ஓர் அலை என்றால் சந்தேகமே வேண்டாம், கம்பிதான்.

★ மோட்டார் இல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் திருகுகிறவர்களுக்கு: 15 விநாடிக்கு ஒருமுறை கால் சுற்று என்றால், அதற்குள் நட்சத்திரம் 225 விகலை ஓடியிருக்கும். நிலாவின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு! ஐந்து விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.

★ துருவ நட்சத்திரம் துருவத்தில் இல்லை. பாகையில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக விலகி நிற்கிறது. கீலில் குளிர்பான உறிஞ்சு குழாயை ஒட்டி அதன் வழியே குறிபார்ப்பது எளிய உத்தி. 6 மி.மீ. விட்டம், 20 செ.மீ. நீளமுள்ள குழாயில் 1.7 பாகை வானம் தெரியும். நட்சத்திரம் குழாய்க்குள் தெரிந்தாலும் முக்கால் பாகைக்கு மேல் தவறியிருக்கலாம். ஒரு பாகை தவறினால் நிமிடத்துக்கு 16 விகலை வரை நழுவும்.

★ சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், கன்னியாகுமரியில் வெறும் 8 பாகை. அங்கே புழுதியும் தெருவிளக்கும் மரக்கிளையும்தான் முதலில் கண்ணில் படும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலே கீலைச் சரிசெய்ய வழி உண்டு. கருவியை ஓடவிட்டு, தெற்கே உச்சக்கோட்டருகில் (வடக்கு-தெற்காகத் தலைக்கு மேல் ஓடும் கோடு), வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) ஒட்டிய நட்சத்திரம் ஒன்றைக் கவனியுங்கள். அது தெற்கே நழுவினால் கீல் கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அடுத்து கிழக்கு வானில் ஒன்று: வடக்கே நழுவினால் கீல் உயர்ந்திருக்கிறது, தெற்கே என்றால் தாழ்ந்திருக்கிறது. அரை மணி நேரம் பிடிக்கும், கொசுவர்த்தி அவசியம்.

★ நடுவில் புள்ளி, நான்கு மூலையிலும் மட்டும் பறவைச் சிறகு மாதிரி இழுபட்ட நட்சத்திரம்: லென்ஸின் குணம். துளையை ஒன்றிரண்டு படி சுருக்கிப் பாருங்கள்.

★ நட்சத்திரம் புள்ளியாக இருக்க, முன்னால் நிற்கும் பனைமரம் கலங்கித் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். கேமரா வானத்தோடு நகர்ந்ததற்கு அது அடையாளம். பனைமரம் கூர்மையாகவும் நட்சத்திரம் கோடாகவும் விழுந்தால்தான் பேட்டரி ஒயரைப் பார்க்க வேண்டும்.