செய்திக்குப் பின்னால் – 9: கொசுவின் மேல் போட்ட பழி

அத்தாப்புக் கூரைக்குக் கீழே வளர்ந்த தலைமுறைக்கு நிப்பா பழகிய பெயர். கழிமுகச் சேற்றில் முளைக்கும் பனை அது. அதன் ஓலையை மடித்துக் கோத்தால் அத்தாப்பு. போர்ட்டிக்சன் வட்டாரத்தில் புக்கிட் பெலண்டோக்கை ஒட்டியிருக்கும் சுங்கை நிப்பா என்ற கம்பத்துக்கும் அந்தப் பனைதான் பெயர் தந்தது. இன்று கேரளத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றதும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'நிபா' என்று கொட்டை எழுத்தில் வருகிறதே, அது இந்தக் கம்பத்தின் பெயர்தான்.

அந்த நோயின் கதை பேராக்கில் தொடங்கியது. 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தார்கள். சிலர் நினைவு தப்பி இறந்தார்கள். சிலருடைய ரத்தப் பரிசோதனை ஜே.இ. என்று காட்டியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்பதன் சுருக்கம் அது. அந்தக் கிருமி பன்றியின் உடலில் பெருகும், கொசு அதை மனிதருக்குக் கொண்டுவரும். பன்றி, கொசு, மூளைக் காய்ச்சல் என்று எல்லாம் பொருந்தி வந்ததால், சுகாதார அமைச்சின் அறிக்கையில் கொசு குற்றவாளியாயிற்று. அறிக்கை தலைப்புச் செய்தியாயிற்று. தடுப்பூசி போட்டார்கள், புகை அடித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டால் போதும், லயத்துச் சந்தில் வெள்ளைப் புகைக்குள் ஓடி விளையாடுவார்கள். பெரியவர்களுக்கோ ஏதோ நடக்கிறது என்ற நிம்மதி.

ஆனால் பொருந்தாத விஷயங்கள் கண்ணெதிரே கிடந்தன. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும் நோய். இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் வயதுவந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். ஜே.இ. வந்த பன்றி பொதுவாக இப்படி நோயில் விழாது. இங்கே பன்றிகள் மூச்சுத் திணறி இருமின. ஒரு மைல் தூரம் கேட்கும் இருமல் என்றே அதற்குப் பேர் விழுந்தது. பன்றியைத் தொடாத மலாய்க் குடும்பங்கள் அக்கம்பக்கத்திலேயே இருந்தும் நோய் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. ஆள் பார்த்துக் கடிக்கிற கொசு உண்டா?

இதைக் கேட்க மருத்துவப் படிப்பு வேண்டாம், கொட்டகை வரை நடந்தால் போதும். பன்றிக்குத் தீனி போட்டவர், பிரசவம் பார்த்தவர், லாரியில் ஏற்றியவர் எல்லாரும் அந்த இருமலைக் கேட்டவர்கள்தான். சீனப் பண்ணைக்காரர்களோடு, கூலிக்குப் போன இந்தியத் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள், நோயிலும் விழுந்தார்கள்.

தவறான செய்திக்கு என்ன விலை என்பதை லாரிகளைப் பார்த்தால் தெரியும். பேராக்கில் பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவை தெற்கே நெகிரி செம்பிலானுக்கு வந்தன. கொசுதான் காரணம் என்று ஊரெல்லாம் நம்பும்போது பன்றி லாரியை மறிக்க யாருக்குத் தோன்றும்? சிரம்பானை அடுத்த சிக்காமட்டில் நோய் தெரிந்தது. பிறகு, அப்போது நாட்டின் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்றாக இருந்த புக்கிட் பெலண்டோக்கில் பற்றிக்கொண்டது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளி சுங்கை நிப்பாக்காரர். மாதிரி அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனது. இது ஜே.இ. அல்ல, ஆஸ்திரேலியாவில் 1994இல் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமியின் உறவு என்று தெரிந்தது. மூலம் பழந்தின்னி வௌவால். பன்றி வழியாக மனிதருக்கு வந்தது. கணக்கு முடிந்தபோது மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. சுமார் 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

காரணம் மாறியதும் காட்சியும் மாறியது. முகமூடி போட்ட ராணுவ வீரர்கள், பன்றிகள் நிறைந்த குழிகள், பூட்டிக் கிடந்த வீடுகள் என்று உலகத்துக் கேமராக்கள் கம்பத்துக்குள் வந்தன. எல்லாம் உண்மைப் படங்கள். ஆனாலும் கொட்டகைக்குப் போக வேண்டிய கேமரா குழி வெட்டிய பிறகு வந்தது.

அதிகாரிகள் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்று நான் எழுதவில்லை. பரிசோதனை அவர்களையும் ஏமாற்றியது. பத்திரிகை உரிமத்தை வருடந்தோறும் புதுப்பித்தாக வேண்டிய காலம் அது, 2012 வரை அப்படித்தான். அமைச்சின் அறிக்கைக்கு எதிராக எழுத எந்த ஆசிரியரும் இரண்டு தடவை யோசித்திருப்பார். அதையும் கணக்கில் வைக்கிறேன். ஆனால் எதிர்த்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. அமைச்சு இப்படிச் சொல்கிறது, பன்றிகள் இருமுகின்றன என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டிருந்தால் போதும், மீதியை வாசகரே கேட்டிருப்பார். பரபரப்பு என்றதும் நாம் பெரிய எழுத்தைத்தான் நினைக்கிறோம். எனக்கு அதைவிடப் பயம், கொட்டகைக்குப் போகாமல் எழுதிய அமைதியான செய்தி.

2015இல் உலகச் சுகாதார நிறுவனம் புது நோய்க்கு ஊர்ப் பெயர் வைக்காதீர்கள் என்று வழிகாட்டியது. சுங்கை நிப்பாவுக்கு அது 16 வருடம் பிந்திய ஆறுதல். அத்தாப்புக்கு ஓலை கொடுத்த பனையின் பெயரை இணையத்தில் தேடினால் இன்றும் பெரும்பாலும் கிருமிதான் வருகிறது.

2018 மே மாதம் அதே பெயர் கோழிக்கோட்டில் இறங்கியது. இந்த முறை அறிக்கையை முந்திக்கொண்டு ஓடியது வாட்சப். அது அடுத்த வாரம்.