இரவின் நீளத்தால் பூக்கும் செடிகள்: சாமந்தி வயல் முதல் கஞ்சா வழக்கு வரை

திருவனந்தபுரம்: இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ள வித்துராவில், ஆண்டின் மிக நீண்ட இரவுக்கும் மிகக் குறுகிய இரவுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே. டெல்லியில் இது மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். மனிதர்கள் பெரிதாகக் கவனிக்காத இந்தச் சிறு வேறுபாட்டைக்கூட நெற்பயிர் உணர்ந்துகொள்கிறது. கேரளத்தின் முண்டகன் பருவத்துக்கும் தமிழகத்தின் சம்பா பருவத்துக்கும் உரிய பாரம்பரிய நெல் வகைகள் பல, சற்று முன்னதாக விதைக்கப்பட்டாலும் இரவு நீளும் காலம் வந்த பிறகே கதிர்விடுகின்றன.

இந்தப் பண்பு ஒளிக்காலத்துவம் எனப்படுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் கார்னர், அலார்டு ஆகியோர் 1920-ம் ஆண்டு இதனை விளக்கினர். கோடையில் பூக்காமல் உயர்ந்துகொண்டே சென்ற ஒரு புகையிலை வகையே அவர்களை இந்த ஆய்வுக்கு இட்டுச் சென்றது. இத்தகைய செடிகளுக்குக் 'குறும்பகல் தாவரங்கள்' என்று அப்போது வைத்த பெயர் இன்றும் பாடநூல்களில் நீடிக்கிறது. உண்மையில் அது பொருத்தமான பெயர் அன்று. ஹாம்னர், போனர் ஆகியோர் 1938-ல் மருளூமத்தைச் செடியில் நடத்திய சோதனையில், நீண்ட இரவின் இடையே சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே அது பூக்காமல் போவது தெரியவந்தது. செடி அளப்பது இடையறாத இருளை என்பது அதன் பிறகே தெளிவானது. இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்து இந்தக் கணக்குக்கு உதவுகிறது.

கர்நாடகத்திலும் ஓசூர் பகுதியிலும் சாமந்தி விவசாயிகள் வயல்களில் இரவில் மின்விளக்குகளை எரியவிடுவது இதனால்தான். சாமந்தியும் நீண்ட இரவில் பூப்பது. விளக்கொளி இரவைத் துண்டிப்பதால் செடி மொட்டுவிடாமல் வளர்கிறது. விளக்கை நிறுத்தும் நாளைக் கொண்டு, பண்டிகைக்கால விலைக்கு ஏற்ப அறுவடையைத் திட்டமிட முடிகிறது.

கஞ்சாச் செடியின் பெரும்பாலான வகைகளும் இதே இனத்தைச் சேர்ந்தவை. மூடிய அறைகளில் மின்விளக்கின் கீழ் அதனை வளர்த்ததாகப் பதிவாகும் வழக்குகளின் பின்னணி இதுவே. எனினும் அறிவியல் ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றாகிவிடாது.

போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், 1985, செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியையே கஞ்சா என வரையறுக்கிறது. நுனிப்பகுதியுடன் சேராத விதைகளும் இலைகளும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இதனைக் கொண்டு, பூக்காத செடியை வளர்ப்பது குற்றமாகாது என்று கருதுவோர் உண்டு. அது தவறான புரிதல். கஞ்சாச் செடி என்பதற்கு அதே சட்டம் தனி விளக்கம் தருகிறது. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும் அதில் அடங்கும்; பூத்ததா என்ற கேள்வியே எழுவதில்லை. அனுமதியின்றிப் பயிரிட்டால் 20-வது பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

கஞ்சாவை வைத்திருந்த வழக்குகளில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என எடையைப் பொறுத்துத் தண்டனை மாறுகிறது. பயிரிடும் குற்றத்துக்கு அத்தகைய எடைப் பாகுபாடு இல்லை. நார், விதை போன்ற தொழில் தேவைகளுக்காக, 14-வது பிரிவின் கீழ் அரசு ஆணை பிறப்பித்து அனுமதி அளிக்கலாம். உத்தராகண்ட் அரசு, போதை தரும் வேதிப்பொருள் மிகக் குறைவாக உள்ள வகைகளுக்கு உரிமம் வழங்கியுள்ளது.