சார்ஜர் வயரில் காரீயம் இருக்கா? வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒரு வரி

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய ஒன்றரை வயதுப் பையன் தரையில் உட்கார்ந்து போன் சார்ஜர் வயரைக் கடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கினால் ஒரே அழுகை. அப்போது அக்கா கேட்டாள்: “பிளக்ல மாட்டல, ஷாக் அடிக்காதுன்னு தெரியும். ஆனா இந்த வயர்லயே விஷம் கிஷம் ஏதாவது இருக்குமா? நீதான் ஊருக்கெல்லாம் எழுதுறியே, சொல்லு.”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது: அவள் கேட்ட கேள்விக்கென்றே நம் நாட்டில் ஒரு விதி இருக்கிறது. போன், டிவி, சார்ஜர் என்று எது வாங்கினாலும் அந்த விதி நமக்காக வேலை செய்ய வேண்டும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே நம்மில் பல பேருக்குத் தெரியாது.

எந்த விதி இது?

மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரைக் கேட்டால், பழைய பொருளை எப்படித் தூக்கிப்போடுவது என்பதைப் பற்றியது மட்டும் என்று தோன்றும். ஆனால் இதிலுள்ள 16-வது விதி புதுப் பொருளைப் பற்றிப் பேசுகிறது. மின், மின்னணுப் பொருள்களைத் தயாரிக்கும்போதே 6 நச்சுப் பொருள்களை ஒரு வரம்புக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறது.

இந்தக் கட்டுப்பாடு நம் நாட்டில் 2014 மே 1 முதலே இருக்கிறது. அதற்கு முன்பே, 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கொண்டுவந்துவிட்டது. உலகம் முழுக்க இதை ஆங்கிலச் சுருக்கமாக ‘ஆர்.ஓ.எச்.எஸ்.’ என்று சொல்கிறார்கள். பொருளின் பெட்டியிலும் கையேட்டிலும் நாம் தேட வேண்டிய சொல்லும் இதுதான்.

அந்த 6 பொருள்கள் எங்கே இருக்கும்?

• காரீயம்: சர்க்யூட் போர்டில் உதிரிபாகங்களை ஒட்டும் சால்டர், பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடி, சில பி.வி.சி. வயர்களின் மேலுறை.
• பாதரசம்: டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு, பழைய எல்.சி.டி. திரைகளின் பின்விளக்கு.
• காட்மியம்: முலாம் பூச்சு, சுவிட்சின் தொடுமுனைகள், பிளாஸ்டிக்குக்கு நிறம் தரும் சாயம்.
• ஹெக்சாவேலன்ட் குரோமியம்: ஸ்க்ரூ, தகடு போன்றவை துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சு.
• பி.பி.பி., பி.பி.டி.இ. என்ற இரண்டு புரோமின் சேர்மங்கள்: பிளாஸ்டிக் சீக்கிரம் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பவை.

ஒரு சின்ன விளக்கம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்வது. அது வேறு உலோகம். பேச்சில் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிவிடுகிறோம். இந்த விதி கட்டுப்படுத்துவது காரீயத்தை.

தயாரிக்கும்போதே ஏன் தடுக்கணும்?

நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஆபத்து தொடங்குவது அதன் பிறகு. செம்புக்காக வயரை எரிக்கும்போது, சிப்பைக் கழற்ற போர்டை அடுப்பில் சூடாக்கும்போது, திரையை உடைக்கும்போது எல்லாம் வெளியே வந்துவிடும். புகையைச் சுவாசிப்பது அந்த வேலை செய்பவர். தூசி படிவது அந்தத் தெருவில். அந்த மண்ணில் விளையாடுவது அங்கிருக்கும் குழந்தைகள். அந்த போனை வாங்கியது அவர்களில் யாரும் இல்லை.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரைக்கும் உடம்புக்குள் போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். இவை மண்ணிலும் தண்ணீரிலும் ஒரு தடவை கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால்தான் உள்ளே சேர்க்கும் இடத்திலேயே கட்டுப்பாடு.

அக்காவின் கேள்விக்கும் பதில் இங்கேதான் வருகிறது. பி.வி.சி. உறை சூட்டில் கெட்டுப்போகாமல் இருக்கக் காரீய உப்புகளைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. மலிவாக முடியும் என்பது ஒரு காரணம். அப்படிச் செய்த வயரைக் குழந்தை கடித்தால் காரீயம் வாய்க்குள் போக வழி இருக்கிறது. விதிப்படி செய்த வயரில் அது வரம்புக்குள் இருக்க வேண்டும்.

0.1 சதவீதம்... எதில் 0.1 சதவீதம்?

வரம்பு இதுதான். காட்மியம் மட்டும் எடையில் 0.01 சதவீதம், அதாவது 1 கிலோவுக்கு 0.1 கிராம். மற்ற ஐந்தும் 0.1 சதவீதம், அதாவது 1 கிலோவுக்கு 1 கிராம்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். இது முழு போனின் எடையில் 0.1 சதவீதம் இல்லை. போனில் இருக்கும், ஒரே சீரான ஒவ்வொரு பொருளிலும் தனித்தனியாக 0.1 சதவீதம். சாப்பாட்டில் உப்பு சரியா என்று பார்க்க, இலையில் இருக்கிற எல்லாவற்றையும் பிசைந்து ஒரு வாய் போட்டுப் பார்ப்போமா? சாம்பாரில் தனி, ரசத்தில் தனி, பொரியலில் தனி. அதே மாதிரிதான். வயரின் மேலுறை தனி. உள்ளே செம்பு தனி. முனையின் முலாம் தனி. சால்டர் துளி தனி. இதில் ஒன்று வரம்பைத் தாண்டினாலும் முழுப் பொருளும் விதியை மீறியதாகத்தான் கணக்கு. சில குறிப்பிட்ட பயன்பாடுகளுக்கு மட்டும் விதிகளின் 2-வது அட்டவணை விலக்கு தருகிறது.

ஒரு சின்ன பாகம் எவ்வளவு பெரிய சிக்கலாகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2001-இல் நெதர்லாந்துக்கு வந்த சுமார் 13 லட்சம் சோனி பிளேஸ்டேஷன் கருவிகளை அந்த நாட்டு அதிகாரிகள் நிறுத்தி வைத்தார்கள். கருவியில் கோளாறு இல்லை. கேபிளில் காட்மியம் அந்த நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பொறுப்பு யாருடையது?

தன் பிராண்ட் பெயரில் விற்பவர்தான் விதியின் பார்வையில் ‘தயாரிப்பாளர்’. தானே செய்தாலும், இன்னொருவரிடம் செய்து வாங்கித் தன் பெயரைப் போட்டாலும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தாலும் பொறுப்பு அவருடையது. கடையில் விற்றாலும் ஆன்லைனில் விற்றாலும் இதில் மாற்றம் இல்லை. 2022 விதிகளின் 1-வது அட்டவணையில் 106 வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றின் பாகங்களும் உதிரிகளும் இதில் அடக்கம்.

தயாரிப்பாளர் நமக்கு ஒன்று தந்தாக வேண்டும். பொருளில் என்னென்ன இருக்கிறது என்ற விவரம், ஆர்.ஓ.எச்.எஸ். விதிக்கு உட்பட்டது என்ற உறுதிமொழி, இரண்டும் பயனர் கையேட்டில் இருக்க வேண்டும். நாம் பார்க்க வேண்டிய ஒரு வரி இந்த உறுதிமொழிதான்.

வாங்கும்போது என்ன பண்ணலாம்?

1. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத பொருளுக்கு நாளை யாரிடம் போய்க் கேட்பது?

2. கையேட்டில் ‘ஆர்.ஓ.எச்.எஸ்.’ அல்லது ‘இ-வேஸ்ட்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். இப்போது பல பெட்டிகளில் கையேடு ஒரு துண்டுச் சீட்டுதான். முழுக் கையேடு நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அதை போனிலேயே திறந்து அந்தச் சொல்லைத் தேடினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

3. குறுக்கே கோடு போட்ட குப்பைத் தொட்டி படம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இதைச் சாதாரணக் குப்பையோடு போடாதீர்கள்’ என்பது அதன் பொருள்.

4. பில் வாங்குங்கள். பிறகு புகார் கொடுக்க வேண்டி வந்தால் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த உறுதிமொழி தயாரிப்பாளர் தானே தருவது. அந்த வரி இருப்பதாலேயே பொருள் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் எழுதிக் கொடுத்தவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எழுதாதவரை எதை வைத்துக் கேட்பது?

மீறினால் என்ன நடக்கும்?

சந்தையில் இருக்கும் பொருள்களை மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். அதற்கான செலவைத் தயாரிப்பாளர்தான் ஏற்க வேண்டும். வரம்பு மீறியிருந்தால் அவர் குறையைச் சரிசெய்யணும், பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறணும். விதிகளை மீறுவோர் மீது சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கவும் இடம் இருக்கிறது.

பொருளில் விவரம் இல்லை, கேட்டும் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாநில அளவில் முதலமைச்சர் உதவி மையம் 1100 இருக்கிறது. பழைய வயர், போர்டுகளை யாராவது எரிப்பதைப் பார்த்தால் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

சொந்தத் தொழில் செய்றீங்களா? உங்களுக்கு

எல்.இ.டி. விளக்கு, கன்ட்ரோல் போர்டு, சார்ஜர் அசெம்பிள் செய்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். குறுந்தொழில் நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் உங்களிடம் போர்டு வாங்கித் தன் பெயரில் விற்கும் நிறுவனத்துக்கு விதி பொருந்தலாம். அதனால் அவர்கள் உங்களிடம் ஆர்.ஓ.எச்.எஸ். சான்று கேட்பார்கள். “சின்ன யூனிட்தானே” என்று சொல்லி அந்த ஆர்டரைக் காப்பாற்ற முடியாது.

பெரும்பாலும் சிக்கல் சால்டரில் தொடங்கும். பழக்கமான 63/37 சால்டரில் 37 சதவீதம் காரீயம். அது வரம்பைப் போல 370 மடங்கு. அதற்குப் பதிலாக வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம் கலந்த வகை பரவலாகப் பயன்படுகிறது. பழையது 183 டிகிரி செல்சியஸில் உருகும். இது சுமார் 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். அதனால் சூடு கூட்ட வேண்டும், போர்டும் பாகங்களும் அதைத் தாங்க வேண்டும். பழைய சால்டருக்குப் பயன்படுத்திய அயர்ன் முனையைப் புதியதற்கு எடுக்காதீர்கள். முனையில் ஒட்டியிருக்கும் காரீயம் புது இணைப்பிலும் கலந்துவிடும்.

அடுத்தது ஆவணம். வாங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் சப்ளையரிடம் உறுதிமொழியும் சோதனை அறிக்கையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். எக்ஸ்ரே கருவியால் பாகத்தை உடைக்காமலேயே முதற்கட்டச் சோதனை செய்யலாம். ஆனால் அது மொத்தக் குரோமியத்தையும் மொத்த புரோமினையும் மட்டுமே காட்டும். அது தடை செய்யப்பட்ட வகைதானா என்று தெரிய ரசாயனப் பகுப்பாய்வு தேவை. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் சி-மெட் நிறுவனத்தில் இதற்கான ஆய்வகம் இருக்கிறது.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

பி.ஐ.எஸ். முத்திரை இருந்தால் போதாதா?
போன், அடாப்டர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு பி.ஐ.எஸ். பதிவு அவசியம். முத்திரையோடு இருக்கும் ‘ஆர்’ எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் அது ஷாக், தீ போன்றவற்றிலிருந்து பாதுகாப்புக்கானது. நச்சுப் பொருள் வரம்பு தனி விஷயம். இரண்டையும் பாருங்கள்.

சி.எஃப்.எல். பல்பில் பாதரசம் இருக்கே, அது எப்படி விற்கலாம்?
பாதரசம் இல்லாமல் அது எரியாது. அதனால் விதியிலேயே அதற்கு அளவோடு விலக்கு உண்டு. பல்பு உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடு குறைந்தது 10 நிமிடம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

சர்வீஸ் கடையில் மாற்றும் பாகங்களுக்கும் விதி உண்டா?
உண்டு. 2014 மே 1-க்கு முன் சந்தைக்கு வந்த பொருள்களுக்கு, விதிக்கு உட்பட்ட உதிரி கிடைக்காதபோது மட்டும் விலக்கு.

வீட்டில் கிடக்கும் பழைய வயர், சார்ஜரை என்ன செய்வது?
எரிக்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அதன் சேகரிப்பு மைய விவரத்தைப் பாருங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமும் கொடுக்கலாம்.

அன்றைக்கு அக்கா வீட்டில் இருந்த இரண்டு சார்ஜர்களையும் எடுத்துப் பார்த்தோம். போனோடு வந்ததன் கையேட்டில் அந்த வரி இருந்தது. பையன் கடித்த வயர், அவசரத்துக்கு 60 ரூபாய்க்கு வாங்கியது. அதற்குப் பெட்டியும் இல்லை, பெயரும் இல்லை, பில்லும் இல்லை. அதில் காரீயம் இருக்கிறதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. அக்கா அதைச் சுருட்டி, மறுசுழற்சிக்குக் கொடுக்க எடுத்து வைத்த பையில் போட்டுவிட்டாள். பையனின் கையில் இப்போது ஒரு மரக் கிலுகிலுப்பை. சார்ஜர் எதுவாக இருந்தாலும் அவனுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.